பாரிஸில் வழி காட்டிய அண்ணனுக்கு

கணுக்கால் முறிந்து, பாரிஸ் விடுதி அறையில் படுத்துக் கிடந்தாள் என் மகள். கையிலிருந்த புத்தகங்களை முடித்துவிட்டாள்; பிரெஞ்சு தெரியாது. ஆங்கிலப் புத்தகம் தேடி மழையில் கிளம்பினேன். நோத்ர தாம் தேவாலயத்துக்கு எதிரே உள்ள புகழ்பெற்ற கடையில் நீண்ட வரிசை. சான் மிஷேல் பக்கம் நின்று மனைவியிடம் தொலைபேசியில் புலம்பியது உங்கள் காதில் விழுந்திருக்கிறது.

நான் உதவி கேட்கவேயில்லை, அண்ணா. சமையலறை உடுப்போடு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நீங்கள், யாழ்ப்பாணத் தமிழில் விசாரித்து, குடையை என் பக்கம் சாய்த்தபடி பார்ஷ்மினெரி தெருவுக்கே கூட்டிப்போனீர்கள். அந்தக் காலத்தில் எழுதும் தோல்தாள் விற்றவர்களால் அந்தத் தெருவுக்கு வந்த பெயர் அது. அங்கே, கனடாக் கொடி தொங்கும் ஆங்கிலப் புத்தகக் கடையான அபே புக்‌ஷாப், 1989 முதல் இருக்கிறது. தரையிலிருந்து கூரைவரை புத்தகம். எதிரே ஆள் வந்தால் உடம்பைச் சாய்த்துத்தான் நிற்க வேண்டும். போதாவிட்டால் இன்னொரு புத்தகக் கடைக்குப் போகச் சொல்லி, ரொட்டி சுற்றிய தாளில் ‘கலின்யானி, 224 ரிவோலி தெரு’ என்றும் எழுதித் தந்தீர்கள். உங்கள் இடது தோள் முழுக்க நனைந்திருந்தது. பெயர் கேட்பதற்குள் விரைந்துவிட்டீர்கள்.

அந்தத் தாளைத்தான் மகள் புத்தகத்தில் அடையாளமாக வைத்திருக்கிறாள். மிக்க நன்றி, அண்ணா. இதைப் பார்த்தால் ஒரு வரி எழுதுங்கள். அன்று வேலைக்குத் தாமதமாகிவிட்டதா?