கோபேயிலிருந்து போனவர்

அன்பு மகனுக்கு,

சியாட்டில் பேஸ்பால் மைதானத்தில், நம்ம ஜப்பான் ஆட்டக்காரர் இச்சிரோவின் 51-ஆம் எண்ணை மாட்டியிருக்கிற படம் வந்தது. அப்பா அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். கூடவே, "2001-இல் திடீரென்று வந்து குதித்த ஆள்" என்று ஆபீஸில் பேசிக்கொள்வதாக எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை.

திடீரென்று வரவில்லை, கண்ணா. நம்ம கோபேயிலிருந்து போனார். அப்போதே 27 வயசு, ஜப்பானில் 1278 ஹிட் (அடித்துவிட்டு ஓடி பேஸை எட்டிய அடிகள்), தொடர்ந்து ஏழு வருஷம் இங்கே பசிஃபிக் லீகின் பேட்டிங் பட்டம். அங்கே முதல் வருஷமே 242 ஹிட் அடித்து, புதுமுக விருதையும், லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி விருதையும் சேர்த்து வாங்கினார். அவரைப் புதுமுகம் என்றதுதான் எங்களுக்கு விநோதமாக இருந்தது.

1991-இல் அணிகள் சுற்றுச் சுற்றாகப் புது ஆட்டக்காரர்களை எடுக்கிற டிராஃப்டில், நான்காவது சுற்றில்தான் நம்ம கோபே அணி ஓரிக்ஸ் அவரை எடுத்தது. முதல் இரண்டு வருஷம் பெரும்பாலும் இரண்டாம் அணியில். முன்காலை ஊசல் மாதிரி ஆட்டி அடிப்பார், 'ஃபுரிக்கோ' என்பார்கள். அப்போதிருந்த மேனேஜருக்கு அது பிடிக்கவில்லை. இச்சிரோவும் அதை விடவில்லை. 1994-இல் ஓகி அகிரா மேனேஜராக வந்தார். அடிக்கிற விதத்தில் கை வைக்காமல் ஆடவிட்டார். சுசுகி என்றிருந்த பெயரை வெறும் இச்சிரோ என்று பதிய வைத்ததும் அவர்தான். அந்த வருஷம் 130 ஆட்டத்தில் 210 ஹிட். அதுவரை ஜப்பானில் ஒரு சீசனில் யாரும் 200-ஐத் தொட்டதில்லை.

அப்புறம் 1995 ஜனவரி 17, விடியற்காலை 5.46, கோபே பூகம்பம். உனக்கு இரண்டு வயசு. போர்வையோடு சுருட்டித் தூக்கிக்கொண்டு படி இறங்கினேன். ஆறாயிரத்து நானூறு பேருக்கு மேல் போய்விட்டார்கள். பள்ளிக்கூட ஜிம்மில் படுத்துக்கொண்டு, இந்த ஊரில் இனி யார் பந்து விளையாடப் போகிறார்கள் என்று நினைத்தேன். ஓரிக்ஸ் ஆட்டக்காரர்கள் சட்டைக் கையில் 'கம்பரோ கோபே' (விடாமல் முயல்வோம், கோபே) என்று தைத்துக்கொண்டு இறங்கினார்கள். அந்த வருஷமே லீகை ஜெயித்தார்கள். ஆனால் ஜெயித்த அன்றைய ஆட்டம் வெளியூரில். இங்கே நடக்கவில்லையே என்று எல்லோருக்கும் ஒரு குறை.

1996 செப்டம்பர் 23. கோபேயின் கிரீன் ஸ்டேடியத்தில் வலது பக்கக் காலரி, இச்சிரோ நிற்கிற இடத்துக்கு நேர் பின்னால். ஆட்டம் தொடங்குமுன் பந்தை முதுகுக்குப் பின்னால் கையை வைத்துப் பிடித்துக் காட்டுவார், பிள்ளைகள் கத்துவார்கள். நீ அப்பா தோளில் இருந்தாய். ஆட்டம் பத்தாவது இன்னிங்ஸ் வரை போனது. நிப்பான் ஹாம் அணி எதிரில். அவர் வந்து நின்றார். வலது கையில் பேட்டை நேராக நிமிர்த்தி, இடது கையால் சட்டைத் தோளை இழுத்துவிட்டுக்கொண்டார். இரண்டு பேஸுக்கு ஒரு அடி, ஆட்டத்தையும் லீகையும் சேர்த்து ஜெயித்தோம். பக்கத்திலிருந்த அம்மாள், யாரென்றே தெரியாது, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் வீட்டில் யார் போனார்களோ, நான் கேட்கவில்லை. நானும்தான் அழுதேன்.

ஒரே சீசனில் 262 ஹிட் அடித்த சாதனை, 394 ஓட்டில் 393 வாங்கி, பெரிய ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கிற ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனது எல்லாம் அங்கே எல்லோருக்கும் தெரியும். இதைச் சொல்லு அவர்களுக்கு.

ஓரிக்ஸ் இப்போது ஒசாகாவில் இருந்தாலும் வருஷத்துக்குச் சில ஆட்டம் இங்கே ஆடுகிறார்கள். வருகிற தேதியை முன்கூட்டியே சொல். வலது பக்கத்தில் மூன்று டிக்கெட் எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா