உதைபந்தாட்டக் கழகச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

அன்பார்ந்த அங்கத்தவர்களுக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

கோடைச் சுற்றுப்போட்டி வழமைபோல நடந்தது. பொங்கல் ஒன்றுகூடல் நடந்தது. நிர்வாகசபை மாதாமாதம் கூடியது. எப்போதும் வருகிற அதே சிலர்தான் வந்தார்கள்.

இனி, 16 வயதுக்கு மேற்பட்டோர் அணி. இதில் கழகத்துக்கு என்ன பிரயோசனம் என்று பலர் கேட்டபடியால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் பெரிய கழகங்கள் ஒன்பது வயது அணியிலிருந்தே பிள்ளைகளை அகாடமியில், அதாவது தங்கள் இளையோர் பயிற்சிப் பள்ளியில், பதிந்து, 16 வயதில் பெரும்பாலானவர்களை விட்டுவிடுகின்றன. அதோடு நம் வீடுகளில் பூட்ஸ் அலமாரிக்குள் போய்விடுகிறது, ஏ லெவல் படிப்பு தொடங்கிவிடுகிறது. ஆனால் கீழ் டிவிஷன் கழகங்கள் ஆள் தேடுவது பெரும்பாலும் அந்த வயதுக்குப் பிறகுதான். 2012இல் அகாடமிகளைத் தரம் பிரிக்கும் விதிகள் வந்ததும் சின்னக் கழகங்களுக்குச் செலவு ஏறியது. வளர்த்த பிள்ளையைப் பெரிய கழகம் கொண்டுபோனால் கிடைக்கும் தொகையும், பேரம் பேச இடமில்லாமல், விதிகளில் உள்ள அட்டவணைத் தொகையாகச் சுருங்கியது. விக்கம் கழகம் அதே ஆண்டில் அகாடமியை மூடியது. பிரென்ட்போர்ட் கழகம் 2016இல் மூடிவிட்டு, மற்ற இடங்களில் கைவிடப்பட்ட இளைஞர்களை எடுத்து பி அணி என்ற இரண்டாம் அணியை அமைத்தது.

நமக்குப் பக்கத்திலேயே உள்ள டகனம் அண்ட் ரெட்பிரிட்ஜ் கழகம், டுவைட் கெயில் என்ற வீரரை 2011இல் ஸ்டான்ஸ்டெட் என்ற சின்ன எசெக்ஸ் கழகத்திலிருந்து எடுத்தது. 2013இல் அவர் முதல் டிவிஷனான பிரீமியர் லீக்கில். ஜேமி வார்டி என்ற வீரரை ஷெஃபீல்ட் வெட்னஸ்டே கழகம் 16 வயதில் கைவிட்டது. ஸ்டொக்ஸ்பிரிட்ஜ் என்ற சின்னக் கழகத்தில் வாரம் 30 பவுணுக்கு ஆடினார். 2016இல் லெஸ்டர் கழகத்தோடு பிரீமியர் லீக் சாம்பியன். நம் தமிழ்ப் பிள்ளை விமல் யோகநாதன் சிறுவயதில் லிவர்பூல் அகாடமியில் இருந்தவர். ஆனால் 2024இல் அவருக்கு முதல் ஆட்டம் கொடுத்தது மூன்றாம் டிவிஷனில் இருந்த பார்ன்ஸ்லி. அன்று நம் வாட்ஸ்அப் குழு நிறைய அவர் படம்தான். அந்தச் சந்தோஷம் நம் மைதானத்துக்கும் வரவேண்டும் என்பதே என் ஆசை.

மார்ச்சில் ஒரு மின்னஞ்சல் வந்தது. பருவகாலத்தின் நடுவில் ஒப்பந்தமில்லாத வீரரை அணுக விரும்பும் கழகம், அவரது கழகச் செயலாளருக்கு ஏழு நாள் முன்னறிவித்தல் கொடுக்கவேண்டும். எசெக்ஸ் சீனியர் லீக் என்ற கீழ்மட்ட லீக்கின் கழகமொன்று நம் இடதுபக்கப் பின்வரிசைப் பிள்ளைக்காக அதை அனுப்பியிருந்தது. அகாடமி விட்டபின் ஒரு வருடம் பந்தையே தொடாமல் இருந்தவன். அழைத்துச் சொன்னபோது, "அண்ணை, உண்மையாத்தானோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான்.

"எவ்வளவு காசு தந்தார்கள்?" என்று சில அங்கத்தவர்கள் கேட்டார்கள். ஒப்பந்தமில்லாத வீரர் கழகம் மாறும்போது பழைய கழகத்துக்கு மாற்றுத்தொகை கிடையாது. ஒரு சதமும் வரவில்லை, வரப்போவதுமில்லை. அந்தப் பிள்ளை இப்போது சனிக்கிழமைகளில் ஆடுகிறான். இந்த அணி அதற்காகத்தான்.

அப்புறம் சந்தா. அரைவாசிக்கு மேற்பட்டோர் இன்னும் கட்டவில்லை. கார் எஞ்சினை நிறுத்தாமலே பிள்ளையை இறக்கிவிட்டுப் போகும் பெற்றோரும் அதில் அடக்கம். குளிர்காலத்தில் விளக்குள்ள செயற்கைப் புல் மைதானத்துக்கு மணித்தியாலக் கணக்கில் வாடகை. மத்தியஸ்தருக்கு ஆட்டம் முடிந்ததும் கையிலே கொடுக்கவேண்டும். காசுக்கு அவரை அடுத்த வாரம் வரச் சொல்ல முடியாது. சில வாரங்கள் அதை நானே கொடுத்தேன்.

கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவும் செலவும் கிட்டத்தட்டச் சரி. கையிருப்பு போன வருடத்தைவிடக் குறைவு.

பயிற்றுநர்களுக்கும், சீருடைக்கு உதவிய கடைக்காரருக்கும், தேநீர் தந்த அம்மாமாருக்கும் நன்றி.

அடுத்த பருவத்துக்கான மைதான முற்பணம் ஜூலையில் கட்டவேண்டும். பழைய சந்தா அதற்குள் வராவிட்டால் இந்த அணியை லீக்கில் பதிய வழியில்லை. தொடர்ந்து செயலாளராக இருக்க எனக்கு விருப்பம்தான். ஆனால் பதிவு வேலையைப் பார்க்க ஒருவரும், சனிக்கிழமை கார் ஓட்ட இருவரும் வேண்டும். கூட்டம் முடிந்ததும் பொருளாளர் வாசலருகே மேசையில் இருப்பார். பெயர் கொடுப்பவர்களும் சந்தா கட்டுபவர்களும் அவரைச் சந்திக்கவும்.

கௌரவ செயலாளர்