பட்டறையிலிருந்து அண்ணாவுக்கு

செந்தூல், கோலாலம்பூர்
ஞாயிறு காலை

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் இங்கு நலம். நீங்களும் அம்மாவும் அண்ணியும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன். பணம் போட்டுவிட்டேன். அம்மாவின் கண் ஆபரேஷனை இனியும் தள்ளாதீர்கள்.

போனில் நீங்கள் கேட்டதை அவசரத்தில் சொல்லி முடிக்க முடியாது, அதனால் எழுதுகிறேன். ஜவுளி முதலாளி ஒருவர் தன் பென்ஸை உங்கள் ஷெட்டுக்குக் கொண்டுவரக் கேட்டிருக்கிறார், கதவில் நீளமாக ஆழமான கோடு என்றீர்கள். கரூரில் உங்களைப் போல பஸ் பாடிக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் இல்லை. ஆனால் இந்த வேலை வேறு மாதிரி. இங்கே வந்த பிறகுதான் எனக்கே அது புரிந்தது.

போன வாரம் எங்கள் பட்டறைக்கும் அப்படி ஒரு கருப்பு பென்ஸ் வந்தது. கார் பார்க்கில் நிறுத்தியிருந்தபோது யாரோ சாவியால் முன்கதவிலிருந்து பின்கதவு வரை இழுத்துவிட்டார்கள். வண்டிக்காரர் நம் தமிழர், வக்கீல். கோட்டைத் தடவிக்கொண்டே நின்றார், பாவமாக இருந்தது. எங்கள் தவுக்கே, அதாவது பட்டறை முதலாளி, எடுத்ததும் ஸ்பிரே கன்னைத் தூக்க மாட்டார். வண்டியை நன்றாகக் கழுவுவார். ஈரத்தில் கோடு மறைந்தால் அது கலருக்கு மேலே இருக்கிற நிறமில்லாத பூச்சோடு, கிளியரோடு நின்றுவிட்டது, பாலிஷில் போகும். காய்ந்த பிறகு நகத்தைக் குறுக்கே இழுத்துப் பார்ப்பார். நகம் மாட்டினால் ஆழம். உள்ளே சாம்பல் நிறம் தெரிந்தால் கலருக்கு அடியில் இருக்கிற பிரைமர் வரை போயிருக்கிறது. அந்தக் கருப்பு வண்டியில் கைப்பிடிக்குக் கீழே வெள்ளையாகத் தகடே மின்னியது.

ஆழமான கோட்டை பாலிஷில் எடுத்துத் தருகிறேன் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். கம்பெனிப் பெயிண்ட் எல்லாப் பூச்சும் சேர்ந்தே 100 முதல் 150 மைக்ரான்தான் இருக்கும், ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர். அதில் கிளியர் 40, 50 மைக்ரான். தலைமுடி ஒன்றின் கனம் சுமார் 70 என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கோடு மறைய வேண்டுமானால் சுற்றி இருப்பதை எல்லாம் கோட்டின் அடி வரைக்கும் தேய்த்து இறக்க வேண்டும், அதற்குள் கிளியர் தீர்ந்து கலர் வந்துவிடும். அன்றைக்குப் பளபளக்கும், வெயில் பட்டுப் பட்டு அந்த இடம் வெளுத்துவிடும்.

முழுக் கதவையும் தகடு வரை தேய்த்துவிட்டுப் புதிதாக அடிப்பதும் வேண்டாம். நம் ஊரில் அதைத்தான் சுத்தமான வேலை என்கிறோம். கம்பெனியில் வெறும் கூடாக இருக்கும்போதே தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி அடிப்பூச்சை ஏற்றி, 160 டிகிரிக்கு மேல் சுட்டு எடுக்கிறார்கள். வயரும் பிளாஸ்டிக்கும் ரப்பரும் இருக்கிற வண்டிக்கு நாம் அந்தச் சூட்டைக் கொடுக்கவே முடியாது. பெயிண்ட் அடித்துக் காயவைக்கிற எங்கள் பூத்தில் 60 டிகிரிதான், அரை மணி நேரம். அதனால் கம்பெனிப் பூச்சில் எவ்வளவு மிச்சம் வைக்க முடியுமோ அவ்வளவும் வைக்க வேண்டும், அண்ணா. கோடு இருக்கிற இடத்தை மட்டும் சரிவாகத் தேயுங்கள். தகடு தெரிகிற இடத்தில் எபாக்ஸி பிரைமர். கலரை அந்த இடத்தில் அடித்து, ஓரத்தில் புகை போல மெலிதாக்கிப் பழைய கலரோடு கரைத்துவிட வேண்டும். கிளியரை மட்டும் கதவு முழுக்க, விளிம்பு வரை அடியுங்கள். பாதிக் கதவில் நிறுத்தினால் அந்த ஓரம் நாளடைவில் உரியும்.

தேய்ப்பதற்கு முன்னால் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். இந்த மாதிரி வண்டிகளில் போனட் முதலான பாகங்கள் அலுமினியத்தில் வரும். இரும்பு தேய்த்த பேப்பரை அதில் போடக்கூடாது, இரும்புத்தூள் பதிந்து பின்னால் பெயிண்ட் கொப்புளிக்கும். வண்டிக்காரர் வீட்டில் ஏதாவது வாக்ஸ் தேய்த்தாரா என்றும் கேளுங்கள். சிலிக்கோன் மிச்சம் இருந்தால் பூச்சில் மீன்கண் மாதிரி சின்னச் சின்னக் குழிகள் விழும்.

கலர் நம்பர் ஸ்டிக்கரிலேயே இருக்கும், எங்களிடம் வந்தது 197. நம்பர்படி கலக்கினாலும் அப்படியே அடிப்பதில்லை. மெட்டாலிக்கில் இருக்கிற அலுமினியப் பொடி, கன்னின் காற்றுக்கும் தூரத்துக்கும் தகுந்தபடி படுத்துக்கொள்ளும், நிறமே மாறித் தெரியும். சின்னத் தகட்டில் அடித்து, கிளியர் போட்டுக் காயவைத்து, வெயிலில் வண்டி பக்கத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் கதவுக்குப் போகிறோம்.

இங்கே எங்களுக்குப் பெரிய தலைவலி ஈரம். மத்தியானம் திடீரென்று மழை கொட்டும், கம்ப்ரசர் டேங்கில் தண்ணீர் சேர்ந்துவிடும். சீக்கிரம் ஆவியாகிற தின்னர் போட்டால் பூச்சின் மேல் வெள்ளை பூக்கும். உங்களுக்கு அங்கே புழுதிதான் எதிரி, தரையை நனைத்துவிட்டு அடியுங்கள்.

அந்த வக்கீல் இன்சூரன்ஸில் கேட்கவில்லை. இங்கே ஐந்து வருஷம் கிளெய்ம் இல்லாமல் ஓட்டினால் பிரீமியத்தில் 55 சதவீதம் கழிப்பார்கள். கிளெய்ம் செய்தால் அந்தச் சலுகை போய்விடும், அதனால் கைக்காசு கொடுத்தார். வண்டியை எடுக்க வந்தபோது நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறி பத்துமலைக்குப் போகிறேன். அங்கே 272 படிகளுக்கும் 2018-இல் பல வண்ணம் பூசினார்கள். இத்தனை கால்கள் மிதிக்கிற இடத்தில் எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே ஏறுவேன். முருகனிடம் உங்களுக்காகத்தான் அதிகம் கேட்கிறேன்.

காரணம் இருக்கிறது. கார் கிளியர் இறுகுவதற்குக் கலக்கிற ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்கிற ரசாயனம் இருக்கிறது. வாசனையை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போனால் பிறகு கொஞ்சம் பட்டாலே மூச்சு இழுக்கும், தொழிலையே விட வேண்டிவரும். நீங்கள் மூக்கில் கட்டுகிற துண்டு அதைத் தடுக்காது. நாங்கள் வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவரும் முகமூடி போட்டுக்கொண்டுதான் அடிக்கிறோம். உங்களுக்கும் ஒன்று வாங்கி, தீபாவளிக்கு ஊருக்கு வருகிற கூட்டாளியிடம் கொடுத்துவிடுகிறேன். அது வரும் வரை பென்ஸுக்குத் தேதி கொடுக்காதீர்கள். முதலாளி அவசரப்பட்டால், தகடு தெரிகிற இடத்தில் கொஞ்சம் பிரைமரைப் பிரஷ்ஷால் தொட்டுவிட்டு அனுப்புங்கள், துரு பிடிக்காமல் தாங்கும்.

பழனிக்கு வேண்டிக்கொண்டு தாடி விட்டிருக்கிறீர்கள் என்று அம்மா சொன்னார். தாடி இருந்தால் முகமூடி முகத்தில் ஒட்டாது, சந்து வழியாக உள்ளே வந்துவிடும். முதலில் மலைக்குப் போய் முடி இறக்கிவிட்டு வாருங்கள். முகத்தின் அளவை மூக்குத் தண்டிலிருந்து தாடை வரை டேப்பில் எடுத்து அண்ணியிடம் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி