நின்றுகொண்டே தூங்கியவனிடமிருந்து ஆசிரியர்களுக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ஒன்பதாம் வகுப்பில் பாதி நாள் நின்றுகொண்டே பாடம் கேட்டவன் நான். நிற்க வைத்தால் தூங்க மாட்டான் என்று நினைத்தார்கள். நின்றபடியே தூங்கினேன். என் நோட்டில் ஒழுங்காகத் தொடங்கும் வரி பாதியில் கிறுக்கலாகி, வெறும் கோடாகி, தாளின் ஓரம் வரை இழுத்துக்கொண்டு போயிருக்கும். "உண்ட களை தொண்டருக்கும் உண்டு, இவனுக்கு உண்ணாமலே உண்டு" என்பார் கணக்கு சார். வகுப்பே சிரிக்கும். நானும் சிரிப்பேன். சிரித்தால் முழங்கால் தொய்ந்துவிடும், பெஞ்சைப் பிடித்துக்கொள்வேன். அதையும் நடிப்பு என்றார்கள்.

அதற்கு நார்கோலெப்சி என்று பெயர், மூளைக் கோளாறால் வரும் தூக்க நோய். எனக்கே அது தெரிய எட்டு வருடம் ஆனது.

மூளையின் அடியில், ஹைப்போதலாமஸ் என்ற இடத்தில், சில பத்தாயிரம் நரம்பணுக்கள் மட்டும் ஓரெக்சின் என்ற சிறு புரதத் துணுக்கைச் சுரக்கின்றன. 1998-ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக அதைக் கண்டுபிடித்தன. எலியின் மூளையில் செலுத்தியபோது எலி கூடுதலாகத் தின்றது. அதனால் ஒரு குழு, பசியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இந்தப் பெயரை எடுத்தது. மறு வருடம் அதே குழு, யானகிசாவா என்ற விஞ்ஞானியின் குழு, ஓரெக்சின் இல்லாத சுண்டெலிகளை உருவாக்கி, இரவில் அவை என்ன செய்கின்றன என்று படம் பிடித்தது. ஓடிக்கொண்டிருந்தவை திடீர் திடீரென்று சரிந்து விழுந்தன. அதே 1999-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மின்யோ என்ற ஆய்வாளரின் குழு, பிடித்த தீனியைப் பார்த்ததும் கால் மடங்கி விழும் டாபர்மேன் நாய்களுக்கு ஓரெக்சினை வாங்கிக்கொள்ளும் ஏற்பியில்தான் பழுது என்று காட்டியது. 2000-ல் மனித மூளைகளைப் பார்த்தார்கள். இந்த நோய் இருந்தவர்களிடம் அந்த அணுக்களில் 85 முதல் 95 சதவீதம் காணோம்.

பசிக்கான பொருள் தூக்கத்தில் எப்படி வந்தது? பட்டினி போட்ட சுண்டெலி தூங்காமல் இரை தேடி அலையும். இந்த அணுக்களை அழித்துவிட்டால் பட்டினியிலும் அப்படி அலையாது. ரத்தத்தில் சர்க்கரை குறைந்தால் இவை முடுக்கம் பெறுகின்றன, ஏறினால் அடங்குகின்றன. ஆர்வத்தைத் தூண்டும் டோபமினைச் சுரக்கும் அணுக்களுக்கும் இங்கிருந்து கிளை போகிறது. எழுந்திரு, தேடு, விடாதே என்பதெல்லாம் ஒரே இடத்திலிருந்து வரும் கட்டளை. என் ரேங்க் கார்டில் "ஆர்வம் இல்லை" என்று எழுதியிருந்தது. அது ஒருவகையில் சரிதான்! உடம்பு வைத்ததற்கும் தின்றுவிட்டுத் தூங்குவதுதான் காரணம் என்றார்கள். இந்த நோயில் அதிகம் சாப்பிடாமலே எடை கூடுவது உண்டு.

சரி, வகுப்பில் தூங்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் ராத்திரி போனைப் பார்த்தவர்கள்தான், ஒத்துக்கொள்கிறேன். நார்கோலெப்சி ஏறக்குறைய 2,000 பேரில் ஒருவருக்குத்தான் வரும். ஆனால் பெரும்பாலும் பள்ளி வயதில்தான் தொடங்குகிறது, அதை முதலில் பார்க்கிறவர் நீங்கள். ராத்திரி நன்றாகத் தூங்கியும் பகலில் அடக்க முடியாமல் தூங்குகிறான், சிரிக்கும்போது தாடை தொங்குகிறது, கால் தளர்கிறது என்றால் பெற்றோரைக் கூப்பிட்டு நரம்பியல் மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். இரவுத் தூக்கத்தை அளந்து, மறுநாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை படுக்கவைத்துச் சோதிப்பார்கள். முழுதாகக் குணமாகாது, ஆனால் மாத்திரையோடு படிக்கலாம், வேலைக்குப் போகலாம். நான் போகிறேன்.

அதுவரை மதியம் ஒரு கால் மணி நேரம், ஆசிரியர் அறையிலோ நூலகத்திலோ, அவனைப் படுக்க விடுங்கள். எழுப்பும்போது தோளைத் தொட்டு எழுப்புங்கள். சாக்பீஸ் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு பழைய மாணவன்