விதைமஞ்சளைக் கைமாற்றும் உரிமை: வர்த்தக ஒப்பந்தம் பேசுவோருக்கு ஒரு திறந்த மடல்

மத்திய வணிகத் துறையில் தடையற்ற வர்த்தக ஒப்பந்தங்களைப் பேசும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். அறிவுசார் சொத்துரிமை அத்தியாயத்தில் 'யுபோவ் 1991' என்ற சொல், அதாவது புதுப் பயிர் ரகம் உருவாக்கியவரின் உரிமையைக் காக்கும் பன்னாட்டு உடன்படிக்கையின் பெயர், எட்டிப்பார்க்கும்போது ஈரோட்டு மஞ்சளை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சளுக்குக் கிழங்கேதான் விதை. ஏக்கருக்கு 600 முதல் 800 கிலோ வேண்டும். தை, மாசியில் வெட்டியதிலிருந்து நல்ல கிழங்கையும் கொழுத்த விரலியையும் ஒதுக்கி, நிழலில் குவித்து, மஞ்சள் தழை போர்த்தி, மண்ணும் சாணமும் மெழுகி வைகாசி, ஆனி நடவு வரை காப்பார்கள். பொட்டலத்தில் வாங்கி மடியில் கட்டிப்போகிற சரக்கல்ல இது.

சொந்த விதையே போதாதா என்றால், போதாது. கிழங்கு அழுகல் வந்த தோட்டத்தில் மிஞ்சியதை விதைக்கு எடுக்கக் கூடாது. பித்தியம் பூஞ்சணம் மண்ணிலும் தங்கும், விதையோடும் போகும். வெளியே பழுதில்லாத கிழங்குக்குள்ளும் இருக்கும். மருந்துக் கரைசலில் நனைத்தாலும் உள்ளே புகுந்ததை எடுக்க முடியாது. அந்த வருடம் நோயில்லாத இன்னொருவர் காட்டிலிருந்து விதைமஞ்சள் வாங்கித்தான் ஆகவேண்டும்.

நம் 2001ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு இதற்கு இடம் தருகிறது: பாதுகாக்கப்பட்ட ரகமானாலும் சேமிக்கலாம், நடலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம், ரகப் பெயர் அச்சிட்ட விதையாக மட்டும் விற்கக் கூடாது. யுபோவ் 1991இன் 15(2) விதியோ, அரசு விரும்பினால் மட்டுமே, உழவர் தன் நிலத்தில் விளைந்ததைத் தன் நிலத்தில் நட விடுகிறது, அதுவும் ரகம் உருவாக்கியவரின் நலனுக்கு உட்பட்டு. பக்கத்துத் தோட்டத்துக்கு விற்பது அதில் அடங்காது. அழுகல் வந்தவருக்குத் தேவைப்படுவது அதுதான்.

நாட்டுமஞ்சளை யுபோவ் தொடாது என்பீர்கள். சரிதான். ஆனால் புது ரகம் வந்தால் உழவர் அதைத் தேடிப் போவார். குவியலில் கலந்த பிறகு எது எந்த ரகம் என்று கண்ணால் பிரிப்பது எளிதல்ல. புது ரகத்துக்கும் தாய் பெரும்பாலும் இந்த ஊர்க் கிழங்குதான்: பவானிசாகர் ஆராய்ச்சி நிலையத்தின் பி.எஸ்.ஆர். 1, ஈரோட்டு நாட்டுமஞ்சளை எக்ஸ் கதிரில் வைத்துத் தேர்ந்தெடுத்தது.

(அமெரிக்காவில் காயம் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995இல் தந்த காப்புரிமையை 1997இல் ரத்துசெய்ய வைத்த கதையை மேடைதோறும் சொல்கிறோம். அது நம் பழைய அறிவு என்று அங்கே காட்ட எழுத்துச் சான்று இருந்தது. ஒப்பந்தத்தில் நாமே கையெழுத்துப் போட்டுவிட்டால் எதைக் காட்டுவது?)

உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தமான டிரிப்ஸின் 27.3(ஆ) விதி பயிர் ரகங்களுக்குக் கேட்பது காப்புரிமை, அல்லது நாடே வகுத்துக்கொள்ளும் பயனுள்ள தனிமுறை, அல்லது இரண்டும். யுபோவ் என்ற பெயரே அதில் இல்லை. அந்தத் தனிமுறையாக 2001ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆகவே யுபோவில் 'சேர வேண்டும்' என்பதை மட்டுமல்ல, 'சேர முயலும்', 'அதற்கு இசைவாக' போன்ற மெல்லிய சொற்களையும் வரைவிலிருந்து நீக்குங்கள். அடுத்த சுற்றில் அவற்றைப் பிடித்துத்தான் இழுப்பார்கள். 39ஆம் பிரிவை இந்த ஒப்பந்தம் எவ்விதத்திலும் பாதிக்காது என்று ஒரு வரியைச் சேருங்கள்.

உள்நாட்டு வேலையும் ஒன்று உண்டு. உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ரகப் பெயர் அச்சிட்ட சாக்கில் விதைமஞ்சளை நிரப்பினால், 39ஆம் பிரிவு விதிக்கும் தடைக்குள் சிக்கிக்கொள்ளும். சாக்கில் எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று தமிழில் ஒரு பக்க அறிவிப்பை வேளாண் துறை வழியாகப் பெருந்துறை, ஈரோடு, கோபி மஞ்சள் சந்தைகளில் வைகாசி நடவுக்கு முன்பே ஒட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கொங்கு நாட்டு மஞ்சள் உழவர்கள்