கையைப் பிடித்து இழுக்காதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

அப்பாவுக்கு பார்க்கின்சன் வந்து ஆறு வருடமாகிறது. கை நடுங்கும் நோய் என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம், ஆனால் எங்களைப் பாடாய்ப் படுத்துவது நடைதான். நன்றாக நடந்து வந்துகொண்டிருப்பவர் கதவு நிலையிலோ, திரும்பும் இடத்திலோ, யாராவது அவசரப்படுத்தினாலோ சட்டென்று நின்றுவிடுவார். "காலைத் தரையில ஒட்டி வச்ச மாதிரி இருக்கும்மா" என்பார்.

போன மாதம் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு கடை வாசலில் அப்படி நின்றபோது, பின்னால் வந்த ஒருவர் "குடிச்சிருக்காரு போல" என்றார். இன்னொரு தம்பி, பாவம், உதவத்தான் வந்தார், கையைப் பிடித்து இழுத்தார். உடம்பு முன்னால் போனது, கால் அங்கேயே நின்றது. விழுந்ததில் முட்டி கிழிந்து ரத்தம்.

தயவுசெய்து இழுக்காதீர்கள். கொஞ்சம் நிற்க விடுங்கள். மூச்சை இழுத்து விட்டு, உடம்பை இடமும் வலமுமாக மெல்ல ஆட்டி, பாரத்தை ஒரு காலுக்கு மாற்றியதும் மற்ற காலை எட்டி வைத்துவிடுவார். அப்படியும் முடியாவிட்டால் நான் என் பாதத்தை அவருக்கு முன்னால் குறுக்கே வைப்பேன், அதைத் தாண்டி வந்துவிடுவார். மூளையில் அசைவுக்கு உதவும் டோப்பமின் என்ற ரசாயனம் குறைந்ததால் நாம் யோசிக்காமலே நடக்கும் நடை அவருக்கு வருவதில்லை, ஆனால் கண்ணுக்கு ஒரு கோடோ காதுக்கு ஒரு தாளமோ கிடைத்தால் மூளை வேறு வழியில் காலை நகர்த்திவிடுகிறது. அதனால்தான் வீட்டில் குளியலறைக்குப் போகும் வழியில் ஓரடிக்கு ஒன்றாகச் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறோம். மாடிப்படியில் மட்டும் தடையில்லாமல் ஏறுகிறார், ஒவ்வொரு படியும் ஒரு கோடுதானே!

மாத்திரை நேரம் தவறினால் அன்றைக்கு நடையே இல்லை. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே கொடுத்துவிடுவோம், முட்டை, இறைச்சியோடு சேர்ந்தால் சரியாக வேலை செய்யாது.

அப்புறம், கடைக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். அஞ்சடியில், அதாவது கடை முன்னால் உள்ள நடைபாதையில், மோட்டார் சைக்கிளையும் பெட்டிகளையும் அடுக்கிவிட்டு ஓர் ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் வழி விடுகிறீர்கள். அந்தச் சந்தில்தான் அப்பாவுக்குக் கால் நின்றுபோகிறது, பக்கத்துக் கடைக்கும் உங்கள் கடைக்கும் தரைமட்டம் வேறு மாறுகிறது. இரண்டு பேர் சேர்ந்து போகும் அளவுக்காவது இடம் விடுங்கள்.

பெரியவர் யாராவது வாசலில் அசையாமல் நின்றால் "எப்படிப் பிடிக்கட்டும் ஐயா?" என்று முதலில் கேளுங்கள். அவரே சொல்வார். அப்பாவின் குரல் இப்போது ரொம்பச் சன்னமாகிவிட்டது, காதைக் கொஞ்சம் கிட்டத்தில் கொண்டுபோக வேண்டும்.

ஒரு மகள்,
ஜெலுத்தோங், பினாங்கு