விசிறி வைத்த விமானம் கேட்டேன், ஜெட் வந்திருக்கிறது

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: தவறான மாதிரி விமானம் அனுப்பியது

வணக்கம்.

போன மாதம் 12-ஆம் தேதி உங்களிடம் ஏர் கார்னிவல் என்ற விமான நிறுவனத்தின் விமான மாதிரி ஒன்றை 4,850 ரூபாய் கட்டி வாங்கினேன். ஏடிஆர் 72-500, அதாவது விசிறி வைத்த விமானம் என்று பில்லிலேயே போட்டிருக்கிறது. பெட்டியைப் பிரித்தால் உள்ளே இருப்பது எம்ப்ரேயர் ஜெட். அதன் மேல் ஏர் கார்னிவல் என்று ஒரு ஸ்டிக்கர், அதுவும் கோணலாக.

போன் செய்தால் உங்கள் ஆள், "ரெண்டுமே பிளேன்தானே சார், அலமாரியில வெச்சா யாருக்குத் தெரியப்போகுது?" என்கிறார். எங்கள் அய்யனுக்குத் தெரியும். அவருக்கு 80 வயது நிறைகிறது, அதற்காகத்தான் வாங்கினேன்.

அவர் முதன்முதலாக ஏறிய விமானம் அது. கோயமுத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட அந்த நிறுவனம் 2016 ஜூலையில் பறக்கத் தொடங்கி 2017 ஏப்ரலில் நின்றுபோனது. ஒரு வருஷம்கூட ஓடவில்லை. அந்த இடைவெளிக்குள், சேரன் எக்ஸ்பிரஸை விட்டால் சென்னைக்கு வேறு வழியில்லை என்றிருந்த மனுஷனைப் பீளமேடு விமான நிலையத்தில் ஏற்றிக் கூட்டிப்போனேன். ஏடிஆரில் பின்பக்கக் கதவு வழியாக ஏற வேண்டும். கதவே கீழே இறங்கிப் படியாகிவிடும், நாலைந்து எட்டுதான். முட்டி வலிக்காரருக்கு அதுவே பெரிய நிம்மதி. ஏறுவதற்கு முன்னால் நின்று விசிறி இறக்கைகளை எண்ணினார்: ஒரு பக்கம் ஆறு. றெக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் கீழே குளம், காடு எல்லாம் மறைக்காமல் தெரிந்தது. "பஸ்ஸாட்டந்தான் இருக்குது, இரைச்சல்தான் கொஞ்சம் சாஸ்தி" என்றார். இன்றைக்கும் வருகிறவர்களிடமெல்லாம் அந்த ஆறு இறக்கைக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார். அவர் கையில் இந்த ஜெட்டை எப்படிக் கொடுப்பது?

விசிறி ஒன்றும் அலங்காரத்துக்கு வைத்ததில்லை. கோவை–சென்னை மாதிரி குறைந்த தூரத்துக்கு ஜெட்டைவிட ஏடிஆருக்கு எரிபொருள் செலவு குறைவு. நேரம் சற்றுக் கூடப் பிடிக்கும், அவ்வளவுதான். சின்ன நிறுவனங்கள் அதைத் தேடிப் போவதற்கு அதுதான் காரணம்.

அப்புறம், கூடவே வைத்திருந்த விவர அட்டை. 'மதுரை ஜவுளித் தொழில் குழுமம் 2005-இல் தொடங்கியது, 2010-இல் நின்றது' என்று அச்சடித்திருக்கிறீர்கள். அது பாரமவுண்ட் ஏர்வேஸின் கதை. எம்ப்ரேயர் 170, 175 ஜெட்டுகளை ஓட்டியதும் பிசினஸ் கிளாஸைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டதும் அவர்கள்தான். ஒரு நிறுவனத்தின் விமானத்துக்கு இன்னொன்றின் பெயரை ஒட்டிவிட்டீர்கள் என்பது அட்டையைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. பாரமவுண்ட் மாதிரி என்று நேராகவே விற்றிருந்தால் அதையும் ஒன்று வாங்கியிருப்பேன், அது வேறு விஷயம்.

மேலே றெக்கை, ஆறு இறக்கை விசிறி, பின்பக்கக் கதவு உள்ள சரியான மாதிரியை 15 நாளுக்குள் அனுப்புங்கள். இல்லையென்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். ஜெட்டை எடுத்துப்போக உங்கள் செலவிலேயே ஆள் அனுப்புங்கள், இன்னொரு தடவை கூரியர் ஆபீசுக்கு அலைய என்னால் முடியாது. அட்டையையும் திருத்திவிடுங்கள். பில் நகலும் படங்களும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
அவிநாசி